காணியும் தகுதியும்

வழிபாட்டுப் பணிகளைக் குடிவழியாகப் பகிர்ந்தளிக்கும் முறை பண்டைக் காலத்தில் பல நாடுகளிலும் இருந்தது. தமிழகத்தில் அதற்குத் தலையாய சான்று தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகள். அவற்றை எடுத்துக்காட்டுவோர் இரு திறத்தர். பிறப்பே பணிக்கு உரிமை தந்தது என்பர் ஒரு சாரார். தகுதியே தந்தது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் கல்லில் பாதியைப் படித்து மறுபாதியை விட்டவர்களே.

முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரை செய்த ஏற்பாடுகளில், தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்கு ஒரு பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் விதிக்கப்பட்டது. திருப்பதியம் பாடுவோர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர், ஆக 50 பேர்க்கு நாள்தோறும் தலைக்கு முக்குருணி நெல் அளிக்கப்பட்டது.

இவர்களுள் ஒருவர் இறந்தாலோ வேற்றிடம் பெயர்ந்தாலோ என் செய்வது? கல்வெட்டு மூன்று படிகளில் விடை கூறுகிறது. ‘அடுத்த முறை கடவார்’, அஃதாவது நெருங்கிய உறவினர், அந்நெல்லைப் பெற்றுப் பணி செய்தல் வேண்டும். அவர் ‘யோக்கியர்’ அல்லராயின், தகுதியுடைய ஒருவரை அமர்த்திச் செய்வித்தல் வேண்டும். உறவினரே இல்லையாயின், அப்பணியிலுள்ள ஏனையோர் தகுதியுடையாரைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அவ்வாறு அமர்ந்தவர்க்கே நெல். ஆகவே, பிறப்புக்கு முதலிடம் உண்டு. ஆனால் தகுதியின்றிப் பணி இல்லை.

இவ்விதியின் அருமை, பண்டை இசுரவேலர் முறையோடு ஒப்பிட்டால் விளங்கும். விவிலியத்தின் எண்ணாகமம் லேவி குலத்து மூன்று குடிகளுக்குப் பணி வகுக்கிறது. கோகாத் குடியினர் திருப்பொருள்களைத் தோளில் சுமந்தனர். கெர்சோன் குடியினர்க்குத் திரைகளும் இரண்டு வண்டிகளும், மெராரி குடியினர்க்குப் பலகைகளும் தூண்களும் நான்கு வண்டிகளும் அளிக்கப்பட்டன. முப்பது முதல் ஐம்பது வயது வரையுள்ள 8,580 பேர் பணிக்கென எண்ணப்பட்டனர். அங்கே வயது கேட்கப்பட்டது, தேர்ச்சி கேட்கப்படவில்லை. நாளாகம நூலோ, ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோர் வழியினரும் உறவினருமான இசைவாணர் 288 பேரும் பயின்று தேர்ந்தவர் என்கிறது. ஆசானும் மாணவனும் வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொண்டனர். சுமப்பதற்குப் பிறப்புப் போதும், பாடுவதற்குப் பயிற்சியும் வேண்டும் என்னும் உணர்வு ஆங்கும் இருந்தது. ஆயினும், பயிலாத வாரிசை என் செய்வது என்று அப்பகுதிகள் கூறவில்லை. தஞ்சைக் கல் கூறுகிறது.

அதுகொண்டு கல்வெட்டைக் குறையற்றது எனப் போற்றுதலும் பொருந்தாது. இரண்டாம் படியில் பணி தகுதியுடையவரிடம் செல்கிறது. காணியோ தகுதியற்ற உறவினரிடமே தங்குகிறது. பாடுபவர் ஒருவர், உரிமையாளர் ஒருவர் எனப் பிரிந்தபின், உரிமையாளரின் பிள்ளைகள் எதற்காகப் பயில வேண்டும்? தேர்ச்சியைக் காக்க எழுந்த விதியே பயிலாமைக்கு இடம் தரவும் கூடும்.

தமிழ்நாட்டில் 1971இல் நடைமுறைக்கு வந்த சட்டம், வாரிசு என்பதனாலேயே அர்ச்சகராகும் உரிமையை நீக்கியது. 1972இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. எனினும், வாரிசுரிமையை நீக்கினால் மட்டும் தகுதியுடையோர் தோன்றிவிட மாட்டார், கற்பிப்பாரும் வேண்டும்.

பாலிங் வட்டாரத் தோட்டக் கோயில்களுக்கும் இஃது அயலான செய்தி அன்று. பூசை ஒரு குடும்பத்துக்கு, உடுக்கை ஒரு குடும்பத்துக்கு, கரகம் ஒரு குடும்பத்துக்கு என்னும் வழக்கம் தோட்ட மக்கள் அறிந்ததே. இளைஞர் வேலை தேடி நகரங்களுக்குப் பெயர்ந்தபின், ‘அடுத்த முறை கடவாரை’ எங்கே தேடுவது? குடும்பப் பெருமை கருதி வாரிசுக்காகவே காத்திருந்தால், மாரியம்மன் தாலாட்டும் உடுக்கைப் பாட்டும் முதியவரோடு முடிந்துவிடும். பணியிலுள்ளவரே ஆர்வமுள்ள இளையோரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்தல் வேண்டும். அதற்கு வழிகாட்டுவது கல்வெட்டின் மூன்றாம் படி.

தமிழாசிரியர்கள் இக்கல்வெட்டை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது, நெல்லின் கணக்கோடு நிறுத்திவிடாமல், அம்மூன்று படிகளையும் அவற்றின் குறையையும் சேர்த்தே கற்பித்தல் நலம்.