முருகப்பா குழுமம்: குடும்பம் எங்கே விலகியது, எங்கே விலகவில்லை

குடும்பத் தொழில் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு முருகப்பா குழுமத்தை உதாரணம் காட்டுவது மேலாண்மை வகுப்புகளில் பழகிப்போன வழக்கம். 1990-களின் கடைசியில் குடும்பத்தார் கம்பெனிகளின் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகி, வெளியாட்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 2001-ல் சுவிட்சர்லாந்தின் ஐஎம்டி நிர்வாகப் பள்ளி அதற்காக விருதும் கொடுத்தது. பாராட்டு நியாயம்தான். ஆனால் அவர்கள் விலகியது ஆலைகளிலிருந்து. குடும்பத்தின் பங்குகளைத் தன்னிடம் வைத்திருக்கும் அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற, பங்குச்சந்தைக்கு வராத நிறுவனத்திலிருந்து அல்ல.

பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன செட்டிநாட்டு நகரத்தார்களில் ஒருவர் அ.மு.முருகப்பச் செட்டியார். மோல்மீனில் லேவாதேவி. 1900-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் குழுமம் சொல்கிறது. 1930-களிலேயே முதலீட்டை இந்தியாவுக்குத் திருப்பத் தொடங்கியதுதான் அந்தத் தலைமுறையின் பெரிய சாதனை. 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது பர்மாவில் நிலமும் கடனுமாகச் சொத்து வைத்திருந்த பல குடும்பங்கள் தலையில் கைவைத்தன. கடன் கொடுப்பவனுக்கு எப்போது கையைச் சுருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும், இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த எச்சரிக்கை குணம் பொறியியலுக்கு வந்தபோது என்ன ஆனது என்பது சுவையான கதை. 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஆலை. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்ற பெயர்கள் ஊர் ஊராகப் போயின. சைக்கிள் சட்டத்துக்கு எஃகுக் குழாய் வேண்டும். இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு. 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. செயின் வேண்டும், 1960-ல் அமெரிக்கக் கூட்டுடன் டிஐ டைமண்ட் செயின். உரசித் தீட்டச் சாணைச்சக்கரம் வேண்டாத பட்டறை ஏது? 1954-லேயே கார்போரண்டம் யுனிவர்சல். ஒரு பொருளின் தேவை அடுத்த ஆலையைப் பெற்றது. பிறகு அந்தக் குழாயும் செயினும் காருக்கும் பைக்குக்கும் போயின.

இதில் ஒரு குறையும் உண்டு. மற்றவர்களின் இருசக்கர வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்தவர்கள், வண்டியைச் செய்ய நெடுங்காலம் துணியவில்லை. 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் மொபெட் விட்டபோது இவர்கள் மிதித்துக்கொண்டே இருந்தார்கள். இவர்களின் மாண்ட்ரா மின் ஆட்டோ வருவதற்கு 2022 ஆயிற்று.

புதிதாகத் தொடங்குவதைவிட நொடித்த கம்பெனியை வாங்கி நிமிர்த்துவதுதான் இவர்கள் கைவந்த கலை. 1788-ல் தொடங்கிய பாரி கம்பெனியை 1981-ல் எடுத்தார்கள். கணக்கு மோசடியால் குலைந்துபோயிருந்த மின்சாதன நிறுவனமான சிஜி பவரை 2020-ல் குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆஃப் இந்தியா சுமார் 700 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இதை முன்னின்று நடத்திய வெள்ளையன் சுப்பையா வெளியாள் அல்ல, குடும்பத்து நான்காம் தலைமுறை. ஆக, விலகிய குடும்பம் நிர்வாகத்துக்குத் திரும்பியும் வந்திருக்கிறது. திறமை இருந்தால் பிறப்பு தடையாக வேண்டியதில்லை என்று இதற்குப் பதில் சொல்லலாம். நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் திறமையைக் காட்டும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது?

குடும்பத்தைச் சேர்ந்த எம்.வி.முருகப்பன் 2017-ல் மறைந்தார். அவருக்கு இரண்டு மகள்கள், மகன் இல்லை. அம்பாடியில் அவர்கள் கிளைக்குச் சுமார் 8 விழுக்காடு பங்கு. மூத்த மகள் வள்ளி அருணாசலம் அமெரிக்காவில் வாழும் அணுப் பொறியாளர். இயக்குநர் இடம் வேண்டும், இல்லையேல் நியாய விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அம்பாடியின் 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் அவரை இயக்குநராக்குவதற்கு 91 விழுக்காட்டுக்கு மேல் எதிர் வாக்கு.

பங்கு வைத்திருப்பதாலேயே இயக்குநர் பதவி உரிமையாகிவிடாது. குடும்பத்தின் பக்கம் இருந்த உருப்படியான வாதம் அது. ஆனால் நான்கு தலைமுறையாக மகன்களுக்கு அந்த இயக்குநர் மேசையில் இடம் எப்படிக் கிடைத்தது? நகரத்தாரில் கோவிலுக்குக் குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கே மணமான ஆணை வைத்துத்தான். கிளைகள் சிதறாமல் சொத்து ஒரே கையில் நின்றதற்கும், நொடித்த கம்பெனிக்காகப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க முடிந்ததற்கும், இந்த ஆண்வழிக் கட்டுப்பாடு ஒரு காரணம். பலம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தேதான் அநீதியும் வந்தது. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்த தமிழகச் சட்டம் 1989-ஆம் ஆண்டினது. பட்டியலிட்ட கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். குழுமத்தின் பட்டியலிட்ட கம்பெனிகளை அது கட்டுப்படுத்தியது. அதிகாரம் குவிந்திருந்த மேசையோ மாறவில்லை.

வள்ளி தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2023 ஆகஸ்டில் சமரசம், வழக்குகள் வாபஸ். இரு தரப்புக்கும் நிம்மதி கிடைத்திருக்கும். மகள் அந்த மேசையில் அமரலாமா என்பதற்கு மட்டும் தீர்ப்பாயமும் பதில் சொல்ல நேரவில்லை.