கோட்டையும் கடுதாசியும்

கூத்தாநல்லூரிலிருந்து தரங்கம்பாடி செல்வோர் திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் வழியே போவதுண்டு. போர்த்துக்கேசியரிடமிருந்து 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய நாகப்பட்டினம், 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1620-இல் டேனியர் கோட்டை எழுப்பிய தரங்கம்பாடி என மூன்று அரசுகளின் பழைய எல்லைகளை ஒரு முற்பகலிலேயே கடந்துவிடலாம். நாகூரில் ஜியாரத் முடித்த நம் குடும்பங்கள் பிள்ளைகளின் விருப்பத்திற்காகத் தரங்கம்பாடியையும் பார்த்துத் திரும்புகின்றன. நாமும் அவ்வாறே சென்றோம்.

டேன்ஸ்பர்க் என்னும் அக்கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று ஓவே கெத்தே என்னும் டேனியத் தளபதி அமைத்தது. கீழே பண்டகசாலைகளும் சிறையும். மேலே ஆளுநரின் இருப்பிடமும் தேவாலயமும். கோட்டை என்ற சொல் மனத்தில் எழுப்பும் போர்க்கோலத்தை விட, ஒரு பெரிய வணிகனின் கிட்டங்கித் தோற்றமே இதற்கு அதிகம். அதுவே இதன் உண்மையுமாகும். 1845-இல் செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்கப்பட்ட இடமல்லவா இது! விலை பேசிக் கைமாறிய கோட்டை.

உள்ளே தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான் கலங்கள், கண்ணாடிப் பொருள்கள், ஆயுதங்கள், டேனியர் கால ஆவணங்கள். பிள்ளைகள் ஈட்டிகளுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். ஆவணப் பெட்டிக்கு முன்னால் நாம் தனியே நின்றோம்.

அருங்காட்சியகத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எஞ்சியதைத்தான் எவரும் காட்ட முடியும். பீங்கான் எஞ்சும், இரும்பு எஞ்சும். இக்கடற்கரையிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணியும் நம் ஆற்றுப்படுகையின் நெல்லும் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து சேர்வதில்லை. பீங்கான் கோப்பை தான் எந்த மரக்கலத்தில் வந்தது, அதைச் செலுத்திய மாலுமி யார் என்று வாய் திறவாது. மரக்கலத்தால் பெயர் பெற்ற மரக்காயர்கள் இக்கரை நெடுகிலும் வாழ்ந்தவர்கள்; ஆனால் ஐரோப்பியர் ஏடுகளில் அவர்கள் பெயர் ‘மூர்’ என்பதே. வட ஆப்பிரிக்க மக்களைக் குறித்த பெயரைச் சோழமண்டலத்துத் தமிழருக்குச் சூட்டிவிட்டார்கள். தமிழோ முன்பே ‘சோனகர்’ என்று அழைத்திருந்தது.

1642 முதல் 1698 வரை டேனியர் வங்கத்து முகலாய ஆட்சியுடன் பகை பூண்டு, வங்கத்துக் கப்பல்களைக் கடலில் பிடித்தனர். முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களும் அவற்றுள் அடங்கும். இச்செய்தியை நாம் அறிவது பெரிதும் பிடித்தவர்களின் ஏடுகளிலிருந்துதான். இரகுநாத நாயக்கர் டேனிய மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய மடலும் இன்று கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எழுதி வைத்தான், கட்டி வைத்தான், இன்று வரலாறு அவன் சொன்னபடி இருக்கிறது. இதில் அவன்மேல் சினம் கொள்ள என்ன இருக்கிறது?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். போர்த்துக்கேசியர் இக்கடலில் செல்லும் மரக்கலங்களுக்கு ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டை விதித்தனர். அச்சீட்டின்றிச் சென்ற கப்பல் பறிமுதலாகும். அச்சொல்லின் மூலம் அரபியின் ‘கிர்தாஸ்’ என்பர் சொல்லாராய்ச்சியாளர். குர்ஆனின் ஆறாம் அத்தியாயமான அல்-அன்ஆமில் அச்சொல் வருவதை மதரஸா மாணவர் அறிவர். நம் ‘கடுதாசி’ அந்தப் போர்த்துக்கேசியச் சொல்லின் வழிவந்தது. அரபியிடம் கடன் வாங்கிய சொல்லைக் கொண்டே அரபுக்கடலிலும் வங்கக்கடலிலும் நம்மவர் கப்பலை மறித்திருக்கிறார்கள்!

தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் கடுதாசிப்பட்டறை என்றே ஓரிடம் உண்டு. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். காகிதம் போதாமையால் எழுத்துகளைச் சிறிதாக வார்த்தனர். காகித ஆலையும் அமைத்தனர். தமிழின் முதல் அச்சு நூல் இங்கேதான் வந்தது என்று சிலர் கூறுவது பிழை. கொல்லத்தில் 1578-இலேயே தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆயினும் அவருடைய உழைப்பு நம்மைத் தலைகுனியச் செய்கிறது. இத்தனைக்கும் நாகூர் எத்தனை தொலைவு? நம் சீறாப்புராணம் அச்சேறியது 1842-இல். இடையே 127 ஆண்டுகள்.

நம் ஆலிம்களின் மெத்தனம் என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. நாமும் பல காலம் அவ்வாறே பேசிவந்தோம். அது முழு உண்மையன்று. இந்தியர் தாமே அச்சுக்கூடம் நடத்த வழி திறந்தது 1835-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகுதான். அதன்பின் ஏழே ஆண்டுகளில் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சீறாவைப் பதிப்பித்துவிட்டார்கள். தடை நீங்கிய உடனே ஓடியவர்களை மெத்தனக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது?

மெத்தனம் பின்னால் வந்தது. அது நம் தலைமுறையுடையது. சில ஆண்டுகளுக்கு முன் நம்மூரில் பழைய வீடொன்றை இடித்தார்கள். பரணிலிருந்து இறங்கிய பெட்டிகளில் மலாயாக் கடைக் கணக்குகளும் கடிதக் கட்டுகளும் அரபுத்தமிழ்க் கைப்பிரதிகளும் இருந்தன. பழைய காகித வியாபாரி தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது நாம் போய்ச் சேர்ந்தோம். ஏறத்தாழ எல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. கேட்டதற்கு ஒரேயொரு நோட்டைக் கையில் கொடுத்தார்கள்.

தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய இரவு அதை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அரபு எழுத்தில் தமிழ். அரிசி மூட்டைக் கணக்கு, ஒரு நிக்காஹ் செலவு, பினாங்குக்கு அனுப்பிய பணம். ஓரிடத்தில் ‘கடுதாசி வந்து சேர்ந்தது’ என்று இருக்கிறது. யார் எழுதிய கடுதாசி என்று அடுத்த பக்கத்தில் இருந்திருக்கலாம். அந்தப் பக்கம் இல்லை.