செத்தால்தான் பேசலாமா?

தென்மாவட்டங்களில் மதம் தாண்டிக் காதலிக்கும் பெண்ணைப் பற்றி வீட்டார் முதலில் சொல்வது, "எவனோ மருந்து வச்சுட்டான்" என்பதுதான். அடுத்து மந்திரித்த கயிறு, தாயத்து. அதற்கும் மசியாவிட்டால் ஏர்வாடி தர்கா. இந்து, கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்கள் அங்கே ஒரே மணலில் உட்கார்ந்திருக்கும். பேயோட்ட ஒன்றுகூடும் மதங்கள், கல்யாணம் என்றதும் பிரிந்துவிடுகின்றன. அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்று எரிந்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டார்கள்.

காதலையே பேயாகப் பார்க்கும் ஊரில், காதலைப் பற்றிப் பேசப் பேய்ப்படத்தைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. மருமகளாக இருந்து சொல்ல முடியாததைப் பேயாக வந்தால் நடுவீட்டில் நின்று சொல்லலாம். மாமனார் கைகட்டிக் கேட்பார். இந்த வகைப் படங்களின் பலம் இதுதான்.

ஆனால் வணிகப் படங்கள் கொடுத்த குரலை இரண்டரை மணி நேரத்தில் திரும்பப் பிடுங்கிக்கொள்கின்றன. 'சந்திரமுகி'யில் (2005) கங்கா குணமாகிக் கணவனிடம் ஒப்படைக்கப்படுகிறாள். அவள் வாய்வழி பேசிய, காதலித்ததற்காகக் கொல்லப்பட்ட நாட்டியக்காரியின் வழக்கு அத்தோடு முடிந்துபோகிறது. அதே பி. வாசுவின் 'சிவலிங்கா' (2017) மதம் கடந்த காதலை நேராகவே தொட்டது. ஓடும் ரயிலில் கொல்லப்பட்ட ரஹீமின் ஆவி இன்னொருவர் மனைவியான சத்யாவின் உடலில் ஏறி நியாயம் கேட்கிறது. இங்கே பேச்சு ஆணுடையது. பெண் கொடுத்தது உடம்பை மட்டும். கொலைகாரன் யார் என்ற புதிர் முன்னால் வந்து நிற்க, அந்தக் காதலைத் தாங்காத சமூகம் பின்னால் போய்விடுகிறது.

லீனா மணிமேகலையின் 'மாடத்தி' (2019) இந்தக் கணக்கை மாற்றிய சுயாதீனப் படம். கதை மதத்தைப் பற்றியதல்ல, சாதியைப் பற்றியது. கண்ணில் படவே கூடாது என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் வீட்டுப் பெண் யோசனா அதன் நாயகி. காட்டாற்றில் குளிக்கும் ஆணை மறைந்திருந்து அவள் பார்க்கிறாள். ஆசைப்படுகிறவள் பெண், பார்க்கப்படுகிறவன் ஆண். தமிழ்த் திரையில் இது அபூர்வம். ஓட்டிவிட மந்திரவாதியும் இல்லை. பலாத்காரத்தில் சாகடிக்கப்பட்டவள் தெய்வமாகி ஊரிலேயே தங்கிவிடுகிறாள். இவ்வளவு துணிந்த படத்திலும் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. யோசனாவுக்கும் வலிமை சாவுக்குப் பிறகுதான் வாய்க்கிறது. கொன்றுவிட்டுக் கும்பிடுவது நம் ஊர்களுக்கு வசதியான பழைய பழக்கம். படம் அந்தப் பழக்கத்தைச் சுட்டுகிறதா, அதற்குள்ளேயே நின்றுவிடுகிறதா என்பது கடைசிவரை தெளியவில்லை.

ஏர்வாடி இருக்கும் இராமநாதபுரக் கடற்கரை என்றால் கேமரா நேராகத் தனுஷ்கோடிக்குத்தான் ஓடுகிறது. 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவர் பயத்துக்கு மலிவான பின்னணி. அங்கே இன்றும் வலை வீசுகிறவர்களைத் திரையில் பார்க்க, லீனாவின் 'செங்கடல்' போன்ற ஒரு படம் தேவைப்பட்டது. அதே கடற்கரையில் இருக்கும் கீழக்கரைக்குப் போகலாமே! அங்கே மரைக்காயர் முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். வீடு பெண்ணுக்குச் சொந்தம், அவளுடைய கல்யாணம் மட்டும் அவளுக்குச் சொந்தமில்லை. பேய்ப்படத்துக்கு இதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்?

நிஜமான திகில் பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் செல்லுபடியான சுயமரியாதைத் திருமணம் இரு இந்துக்களுக்கு மட்டுமே பொருந்தும். மதம் மாறாமல் மணக்க விரும்பும் ஜோடிக்குப் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. பெயர், முகவரியோடு அறிவிப்பைப் பலகையில் ஒட்டி, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பலகை முன்னால் உறவுக்காரர் ஒருவர் வந்து நிற்கும் காட்சியை இதுவரை எந்தத் தமிழ்ப் பேய்ப்படத்திலும் நான் பார்க்கவில்லை.

இந்தக் கரைக்குப் படமெடுக்க வரும் இளம் இயக்குநர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பெண்ணை உயிரோடு வைத்துக் கதை சொல்லுங்கள்.