எருமையின் சாட்சியம்

1

‘இதுக்கெல்லாம் ஆராய்ச்சி வேணுமா? மாடு மேஞ்சா காடு அழியும், சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.’ காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்ப முடிவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததாகச் சொல்லப்படும் ஒன்று முதலில் யாருக்கு, எப்படித் தெரிந்தது என்ற கேள்வியை இந்தச் சின்னப்பிள்ளை வாசலிலேயே மறித்துவிடுகிறது. அதிகாரம் தன்னைப் பொதுப்புத்தியாக உடுத்திக்கொள்ளும் இடம் இது. ராஜஸ்தானின் பரத்பூரில் நடந்ததை இங்கிருந்துதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

2

பரத்பூரின் கேவலாதேவ் 29 சதுர கி.மீ. பரப்புள்ள பறவைகள் சரணாலயம். ‘தொடப்படாத இயற்கை’ என்ற கதையாடலுக்கு அங்கே இடமே கிடையாது. அணையிலிருந்து நீரைத் திருப்பி, கரைகளும் மதகுகளும் அமைத்து, மன்னர்கள் வாத்து சுடுவதற்காக வளர்த்தெடுத்த சதுப்புநிலம் அது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சுற்றுக் கிராமங்களின் எருமைகளும் அதே நீரில்தான் தலைமுறைகளாக மேய்ந்துவந்தன.

1982இல் அது தேசியப் பூங்காவானது. அதே நவம்பரில் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. பறவையியலாளர்களின் வற்புறுத்தலும் இதற்குப் பின்னால் இருந்தது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தவர்மீது போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். எத்தனை பேர் என்பது ஏட்டுக்கு ஏடு மாறுகிறது. வாத்துகளின் கணக்குதான் கல்லில் பிசகாமல் நிற்கிறது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980இலேயே அங்கே பத்தாண்டு ஆய்வொன்றைத் தொடங்கியிருந்தது. வி.எஸ். விஜயன் தலைமையிலான அந்த ஆய்வின் அறிக்கை 1991இல் வந்தது. தடைக்குப் பிறகு பாஸ்பேலம் என்கிற நீர்ப்புல் மளமளவென்று பரவித் திறந்த நீர்ப்பரப்பை மூடியிருந்தது. திறந்த நீரை நம்பும் பறவைகள் குறைந்திருந்தன. எருமைகள் அந்தப் புல்லைத் தின்றுதான் ஏரியைத் திறந்து வைத்திருந்தன. அளவான மேய்ச்சல் பூங்காவுக்கே நல்லது என்றது அறிக்கை. எந்தக் கழகத்தின் குரல் தடைக்குத் துணைநின்றதோ, அந்தக் கழகத்தின் கணக்கே தடைக்கு எதிராகச் சாட்சி சொன்னது. தடை மட்டும் நீங்கவில்லை.

3

இதை இரண்டு விதமாக வாசிப்பது சுலபம். ‘பார்த்தீர்களா, விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது’ என்பது ஒன்று. செத்தவர்களை எந்தத் திருத்தமும் எழுப்பாது என்பதை அது மறந்துவிடுகிறது. விஞ்ஞானமே அதிகாரத்தின் சொல்லாடல்தான், கிராமத்தானின் அறிவே மெய்யறிவு என்பது மற்றது. ஃபூக்கோவைப் படித்த நம் நண்பர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் 1980இல் யாரோ சதுப்பில் இறங்கிப் பறவைகளை எண்ணத் தொடங்கியிராவிட்டால், எருமைக்காரர்களின் பேச்சு ‘பிழைப்புக்காகச் சொல்றான்’ என்று இன்றுவரை தள்ளப்பட்டிருக்கும். ஒடுக்கப்பட்டவர்கள் பக்கம் எண்களும் சில சமயம் வந்து நிற்கும். அந்த வாசலை நாமே ஏன் அடைக்க வேண்டும்?

4

பரத்பூருக்கு வெளியே இந்தக் கேள்வி ஓர் இயக்கமாகவே ஆகியிருக்கிறது. 2004இல் வில்லியம் சதர்லாந்தும் கூட்டாளிகளும் பாதுகாப்புப் பணி மருத்துவத்திடம் பாடம் கற்க வேண்டும் என்று எழுதினார்கள். நிர்வாகிகள் பெரும்பாலும் அனுபவத்தையும் வழக்கத்தையும் நம்பியே முடிவெடுக்கிறார்கள், ஆய்வுகளைப் புரட்டுவதே அபூர்வம் என்பது அவர்கள் வாதம். 2015 முதல் வெளிவரும் அவர்களது தொகுப்புநூல் ஒவ்வொரு நடவடிக்கையையும் எடைபோட்டு, பலனுள்ளது, பலன் தெரியாதது, தீங்கு செய்யக்கூடியது என்றெல்லாம் தரம் பிரிக்கிறது. அவர்களுக்குக் கேட்கத் தெரிந்த நல்ல கேள்வி இது: இதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கேள்வியின் கூர்மையைப் பிரிட்டனின் வௌவால் பாலங்கள் காட்டின. நெடுஞ்சாலைகளைக் கடக்கும் வௌவால்களுக்காகப் பெருஞ்செலவில் கம்பிப் பாலங்கள் கட்டினார்கள். வௌவால்கள் பெரும்பாலும் அவற்றைச் சட்டைசெய்யாமல் வண்டிகள் போகும் உயரத்திலேயே பறந்தன என்று 2012இல் ஓர் ஆய்வு சொல்லிற்று. பிறகும் பாலங்கள் கட்டப்பட்டன. பாலம் கட்டினால் ‘செய்துவிட்டோம்’ என்று காட்டலாம். யாருக்குக் காட்டுவது, வௌவாலுக்கா?

ஆனால் இந்தத் தரம்பிரிப்பிலும் ஒரு மௌனம் இருக்கிறது. ‘தீங்கு’ என்பதற்கு அங்கே தனி மதிப்பெண் உண்டு. அது எந்த உயிரினத்துக்காக நடவடிக்கை எடுக்கப்பட்டதோ அந்த உயிரினத்துக்கு நேரும் தீங்கு. பரத்பூரின் துப்பாக்கிச் சூட்டை எழுதிவைக்க அதில் கட்டமில்லை. புல் பரவாமல் பறவைகள் பெருகியிருந்தால் 1982ஐப் ‘பலனுள்ளது’ என்று எழுதியிருப்பார்களா? பலன் உண்டா என்று கேட்பது அவசியம். யார் செலவில் என்று கேட்காவிட்டால் அது பாதிக் கேள்விதான்.

5

பரத்பூர் ஆய்வையும் வேதமாக்க வேண்டாம். தடைக்கு முன் இரண்டு ஆண்டு, பின் எட்டு ஆண்டு, ஒரே ஏரி. எருமை விடப்பட்ட இன்னொரு ஏரியை அருகில் வைத்து ஒப்பிடவில்லை. மழையும் அணை நீரும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சைபீரியக் கொக்கு அங்கே கடைசியாகக் காணப்பட்டது 2001–02 குளிர்காலத்தில். அதன் பயணவழி நெடுக வேட்டை இருந்தது. கொக்கு வராமல் போனதையும் எருமைத் தடையின் தலையில் கட்டினால் அதுவும் சின்னப்பிள்ளைக்குத் தெரிந்த கதையாகிவிடும்.

இவ்வளவு சந்தேகமும் 1991இன் அறிக்கைமீது பட வேண்டியதுதான். இதில் கால்வாசி சந்தேகம் 1982இன் ஆணைமீது விழுந்திருந்தால்? மேய்க்கிறவனிடம் ‘உன் எருமை கெடுதல் செய்யலன்னு நிரூபி’ என்கிறோம். தடைபோடுகிறவரிடம் எதையும் கேட்பதில்லை. சான்றை முதலில் கொண்டுவர வேண்டியவர் துப்பாக்கி வைத்திருப்பவர். அவர் கொண்டுவரட்டும், பிறகு எருமையை விரட்டுவதா வேண்டாமா என்று பேசலாம்.