குமரி மாவட்டத்துக்கு அம்பாசிடர் சரிவருமா?

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அம்பாசிடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றிப் பிறந்தது. 1950-களின் இறுதியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று கைமாறும் அம்பாசிடர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். டாக்ஸி ஸ்டாண்டில் ஓடித் தேய்ந்தவை ஒருவகை. அரசு அலுவலகங்கள் ஏலம் விட்டவை இன்னொருவகை. மூன்றாவது வகை, பழைய ஓட்டு வீடுகளின் சாய்ப்பில் வருடக்கணக்காக அசையாமல் நின்றவை. இந்த மூன்றாவதைப் பார்த்தால்தான் பலருக்கும் ஆசை வரும்: ஒரே உரிமையாளர், குறைந்த கிலோமீட்டர், கிழியாத சீட். மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். தினமும் ஓடிய டாக்ஸியில் எது கெட்டது என்பது உடனே தெரிந்துவிடும். நின்ற காரில் தெரியாது.

எஞ்சின் விஷயத்தில் அம்பாசிடரை நான்காகப் பார்க்க வேண்டும். மார்க் 2 முதல் மார்க் 4 வரையிலான பெட்ரோல் வண்டிகளில் இருப்பது 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். இதே குடும்பத்து எஞ்சின்தான் பிரிட்டனில் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது என்றால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். 1980 வாக்கில் அதே அளவில் டீசல் வந்தது. இந்தியச் சந்தையில் டீசல் காரைப் பரவலாக்கியது அதுதான். ஆனால் 40 குதிரைத்திறனைக்கூட எட்டாத எஞ்சின் அது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனம் வடிவமைத்த 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் சேர்ந்தன. திறன் 75 குதிரையை ஒட்டி உயர்ந்தது. பிறகு இசுசுவின் 2 லிட்டர் டீசல் வந்தது. ஊருக்குள்ளும் மலையடிவாரத்திலும் ஓட்ட ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இசுசு பெட்ரோல்தான் முதலில் நிற்கும். பழைய 1489 டீசல், ஐந்து பேரும் சாமானும் ஏறிய பிறகு குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் ஏற்றங்களில் மூச்சு வாங்கும். பின்னால் வருபவர்களின் பொறுமையும் அதோடு சேர்ந்து போகும்.

சாலையில் இந்தக் கார் தரும் சுகம் பின் சீட்டில் இருக்கிறது. உயரமான கூரை, கால் நீட்ட இடம், வேட்டி கசங்காமல் ஏறி இறங்கும் அளவுக்கு அகலமான கதவு. 15 அங்குலச் சக்கரமும் பின்புறப் பட்டை ஸ்பிரிங்குகளும் பள்ளங்களை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். ஓட்டுபவருக்கு அவ்வளவு சுகமில்லை. பெரும்பாலான வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் வளையத்தைத் திருப்பத் தோள் வலிமை வேண்டும். பழைய வண்டிகளில் கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கிறது. அந்த நான்கு கியர் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரைத் தள்ளினால் கரகரவென்று பல் அரைபடும். வளைவான ஏற்றத்தில் பஸ்ஸின் பின்னால் ஊர்ந்து போகையில் இது பெரிய தொல்லை. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியைக் கடக்கும்போது காரின் கனம் கைகொடுக்கிறது. ஆனால் முன்பக்கப் புஷ்கள் தேய்ந்திருந்தால் பக்கவாட்டுக் காற்றுக்கு வண்டி அலையும். அந்த ஐந்தாறு கிலோமீட்டரே நல்ல சோதனைக் களம். பிரேக் பெரும்பாலான மாடல்களில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறியதும் பெடலை மெல்ல அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைக்காவிட்டால், அடுத்த பிரேக் பிடிக்கும் என்று நம்ப முடியாது.

இவையெல்லாம் எந்த ஊரிலும் சொல்லக்கூடியவை. குமரி மாவட்டத்துக்கென்று உள்ள சங்கதி துரு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. வருடத்தில் தகடு நன்றாகக் காயும் மாதங்கள் குறைவு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் காற்றோடு உப்பும் வருகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை பெய்யாத நாளிலும் தகட்டின் மேல் நனைவு நிற்கும். மேற்கே அருமனை, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்ட நிழலில் உப்பு இல்லை. ஆனால் வெயிலும் இல்லை. கிழக்கே பூதப்பாண்டி, தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் கடல் தள்ளியிருப்பதாலும் காற்று உலர்த்திக்கொண்டே இருப்பதாலும், அங்கேயே இருந்த வண்டிகளின் அடிப்பாகம் பொதுவாகத் தேறும். விற்பவரிடம் கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன் கார் எந்த ஊரில் நின்றது என்று கேட்பது நல்லது.

அம்பாசிடருக்குத் தனிச் சேஸி கிடையாது என்பதால் இந்தத் துரு அழகுப் பிரச்சினையோடு நிற்பதில்லை. தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. அது உளுத்தால் கார் நடுவில் தொய்யும். சோதிப்பது கடினமல்ல. ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கியைப் போட்டு ஒரு பக்கத்தை மெல்லத் தூக்க வேண்டும். கதவுக்கும் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளி மாறினால், அல்லது திறந்த கதவு திரும்ப மூட மறுத்தால், உள்ளே இரும்பு இல்லை என்று பொருள். ஜாக்கியே தகட்டுக்குள் புதைந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அடுத்து, துணி சுற்றிய சிறு காந்தத்தை மட்கார்டு விளிம்பு, ஹெட்லைட்டின் மேல்புறம், கதவின் அடி, டிக்கியின் தரை என்று நகர்த்திப் பார்க்கலாம். பிடிக்காமல் வழுக்கும் இடம் பட்டி பூசிய இடம். கடைசியாக மிதியடியைத் தூக்கிவிட்டு, ஒருவர் கீழிருந்து டார்ச் அடிக்க, இன்னொருவர் உள்ளிருந்து பார்க்க வேண்டும். பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்த எத்தனையோ கார்களின் தரையில் அப்போது நட்சத்திரம் தெரியும்.

எஞ்சின் பழுது ஒரு செலவு. தகட்டுப் பழுது செலவுகளின் வரிசை. பிஸ்டன், ரிங், வால்வு, கேஸ்கெட் எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. இல்லாததைத் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ தேடிப் பிடிக்கலாம். நல்ல மட்கார்டும் கதவும் அப்படிக் கிடைப்பதில்லை. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரை பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதனால் உதிரிபாகத்துக்கு ஒரு வழியும் பிறக்கவில்லை. பட்டறையில் தகடு வெட்டி, தட்டி, வெல்டிங் வைக்கத்தான் வேண்டும். அதைப் பொறுமையாகச் செய்யும் டிங்கர்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இன்னும் இருக்கிறார்கள். இளையவர்கள் அந்த வேலைக்கு வருவது குறைவு.

துருவைத் தடுக்க வண்டியின் அடியில் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கம் உண்டு. இரும்புக்கு அது ஓரளவு காப்புதான். ஆனால் ரப்பர் புஷ்களும் பிரேக் ஹோஸும் அதே ஆயிலில் ஊறி உப்பிப் போகின்றன. தெறிக்கும் ஆயில் டிரம்முக்குள் இறங்கினால் பிரேக் பிடிக்காது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி வெயிலில் நிறுத்துவதும், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் குத்தி விடுவதும், பட்டறையில் முறையான அண்டர்கோட்டிங் அடிப்பதும் அதைவிடப் பயன் தரும். கழுவும் தண்ணீர் கடலோரத்துக் கிணற்றின் உவர்நீராக இருந்தால் கழுவாமலிருப்பதே மேல்.

நிறுத்தும் இடமும் முக்கியம். மாடு இல்லாமல் போன தொழுவத்தை கார் ஷெட்டாக மாற்றிய வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. பல வருடம் மாட்டு மூத்திரம் ஊறிய தரை உப்பை இழந்துவிடுவதில்லை. மழைக்காலத்தில் மண் தரையிலிருந்து ஏறும் ஈரம் அதோடு சேர்ந்து நேராகத் தகட்டில் படும். மேல் மண்ணை அகற்றி, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் காங்கிரீட் போட்டு, எதிரெதிரே இரண்டு திறப்பு விட்டால் போதும். ஓட்டுக் கூரை நல்லது, காற்று புகும். தார்ப்பாயால் காரை இறுக மூடுவது மிகக் கெட்டது. உள்ளே சிக்கிய ஈரம் ஒரே மழைக்காலத்தில் கூரையின் ஓரங்களைத் தின்றுவிடும். தேங்காயும் சிரட்டையும் குவித்த மூலையில் எலி இருக்கும். எலிக்கு ஒயர் பிடிக்கும். அந்தக் குவியலை வேறிடத்துக்கு மாற்றுவதே முதல் எலக்ட்ரிக்கல் வேலை.

வருடக்கணக்கில் நின்ற காரைச் செல்ஃப் அடித்து எழுப்பக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ஒருநாள் ஊறவிட்டு, பழைய மாடலாக இருந்தால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். டேங்கில் தேங்கிய பெட்ரோலை வடித்து, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. நின்ற வண்டியில் வீல் சிலிண்டர்கள் அநேகமாக உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். அவற்றை மாற்றாமல் கேட்டைத் தாண்டக் கூடாது.

சூட்டைப் பற்றி ஒரு தவறான பழக்கம் இங்கும் இருக்கிறது. கார் ஓவர்ஹீட் ஆகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பிறகு எஞ்சின் உரிய வெப்பத்துக்கே வராது; பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில் படிந்த உப்புக் காறை. ரேடியேட்டரை ராட் அடித்துச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தி, கூலன்டைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றினால் சித்திரை வெயிலிலும் முள் நடுவில் நிற்கும். டீசல் வண்டியில் சிக்கல் எதிர்ப்பக்கம்: ஆனி, ஆடிச் சாரலில் காலையில் ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக் நான்கும் வேலை செய்ய வேண்டும். ஒன்று போனாலும் வெள்ளைப் புகையோடு குலுங்கித்தான் எழும்பும்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. பழைய பி.எம்.சி. எஞ்சினின் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. ஹெட்டை இறக்கும்போது கடினப்படுத்திய இருக்கைகளைப் பதித்துவிட்டால் அந்தக் கவலை தீரும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ராமையும் அது இளக்கிவிடும்; காற்றின் ஈரத்தை இழுத்து கார்ப்புரேட்டர் அடியில் தண்ணீர் சேர்க்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவது பெரிய செலவில்லை. பெட்ரோல் கசிந்து சூடான எஞ்சின் மேல் சொட்டுவதோடு ஒப்பிட்டால் செலவே இல்லை. எஞ்சினின் பின்பக்கம் ஓரிரு சொட்டு ஆயில் ஒழுகுவது மட்டும் பழைய பி.எம்.சி. எஞ்சினின் பிறவிக் குணம். அதற்காக எஞ்சினை இறக்க வேண்டாம்.

தாள்களில் கவனம் குறைந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆனது. களியக்காவிளையைத் தாண்டி வரும் கேரளப் பதிவு வண்டி மலிவாகத் தோன்றும். தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டு வரியும் சேர்த்தால் மலிவு கரைந்துவிடும். நாகர்கோவிலின் டி.என். 74, மார்த்தாண்டத்தின் டி.என். 75 பதிவுள்ள வண்டிகளில் அந்த அலைச்சல் இல்லை. சேஸி எண் துருவில் அழிந்திருந்தால் ஆய்வில் வண்டி நின்றுவிடும். வாங்கும் முன்பே அதைத் தேய்த்துப் படித்துப் பார்க்க வேண்டும். 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021 முதல் தனியாக விண்டேஜ் பதிவு உண்டு. ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்டமும் வாடகைக்கு விடுவதும் கூடாது. கல்யாண ஊர்வலத்துக்கு விடும் எண்ணமுள்ளவர்கள் அந்த வழியில் போகக் கூடாது.

பாதுகாப்பில் இந்தக் காருக்குச் சலுகை காட்ட முடியாது. ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, மிகப் பழைய வண்டிகளில் சீட் பெல்ட்டும் இல்லை. கனமான தகடு காப்பாற்றும் என்ற பேச்சு தவறு. நவீனக் காரின் முன்பாகம் நசுங்கி அதிர்ச்சியை வாங்குவதுபோல் இதை யாரும் வடிவமைக்கவில்லை. பெட்ரோல் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரை ஒட்டியே கொடுக்கும்.

ஆகவே வீட்டின் ஒரே காராக அம்பாசிடரை வாங்குவது சரிவராது. இரண்டாவது காராக, வாரம் ஒருமுறையாவது ஓட்ட ஆளும், ஈரமில்லாத ஷெட்டும், பக்கத்தில் ஒரு நல்ல டிங்கரும் இருந்தால், கிழக்குப் பக்கத்து ஊரில் நின்ற இசுசு பெட்ரோல் வண்டி தாராளமாக வாங்கத் தக்கது; எஞ்சின் கொஞ்சம் புகைத்தாலும் பாதகமில்லை. கடலோரத்தில் நின்று, அண்மையில் பெயிண்ட் அடிக்கப்பட்ட வண்டியை எந்த விலைக்கும் தொட வேண்டாம். எதுவானாலும், சர்வீஸ் நிலையத்தில் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தை முழுதாகப் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.