மாவு மில்லும் இரண்டு பட்டங்களும்

சிகாகோவில் இருக்கும் என் அண்ணன் பேத்தி போன வாரம் போன் செய்தாள. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். தமிழ் நன்றாகவே பேசுவாள். என்ன, வாக்கியத்தின் நடுவில் டயர் பஞ்சராகி இங்கிலீஷில் இறங்கிவிடுவாள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜே.டி., எம்.பி.ஏ. இரண்டும் சேர்ந்த படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். சட்டமும் மேனேஜ்மென்ட்டும் ஒரே மூச்சில். தனித்தனியாகப் படித்தால் 5 வருஷம். ஹார்வர்டில் 4-ல் முடிக்கிறார்கள். இவள் சேரப்போகும் இடத்தில் 3.

“சேரலாமா, வேண்டாமா சின்னத் தாத்தா? நீங்கதான் எல்லாம் படிக்கிறீங்களே!”

படிக்கிறேன், வாஸ்தவம். அட்மிஷன் யோசனை சொல்லும் யோக்கியதை கிடையாது. புத்தகம் சிபாரிசு செய்யலாம். இரண்டு பெயர் சொன்னேன். சொன்ன தோஷத்துக்கு நானும் அவற்றை அலமாரியிலிருந்து இறக்கி, அடுத்தடுத்துப் படித்தேன்.

ஒன்று, ஸ்காட் டுரோவின் ‘ஒன் எல்’ (1977). அமெரிக்க சட்டக் கல்லூரிகளில் முதல் வருஷ மாணவனுக்கு அதுதான் பெயர். ‘ப்ரிஸ்யூம்ட் இன்னொசென்ட்’ எழுதி, ஹாரிசன் ஃபோர்டு நடித்துப் படமாகி, டுரோ பெரிய ஆளானதெல்லாம் பிற்பாடு. 1975-ல் ஸ்டான்ஃபோர்டில் கதை எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த வேலையை விட்டு ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு முடிவதற்குள் புத்தகம் வந்துவிட்டது. இன்னொன்று, பிலிப் டெல்வ்ஸ் ப்ராட்டனின் ‘அஹெட் ஆஃப் தி கர்வ்’ (2008). இவர் லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’பின் பாரிஸ் நிருபர். 2004-ல் அதை விட்டுவிட்டு ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலுக்குப் போனவர்.

எனக்கு டுரோதான் உசத்தி. ஒப்பந்தச் சட்ட வாத்தியார் ஒருவர், மாற்றுப் பெயரில், மாணவர்களை எழுப்பிவிட்டுக் குறுக்கு விசாரணை செய்து குதறுகிறார். வில்லன் இவர்தான் என்று நாம் தீர்மானித்து உட்கார்ந்திருக்கும்போது, டுரோ மெதுவாகத் தன் பக்கம் விரலைத் திருப்புகிறார். மார்க்குக்குத் தான் எப்படி அலைந்தேன், நல்ல சுபாவம் எப்படிக் கெட்டது என்று. தன்னைக் காட்டிக்கொடுக்கத் தயங்காத புத்தகம். ப்ராட்டன் தமாஷாக எழுதுகிறார். 90 பேர் உட்கார்ந்த வகுப்பில் பேசுவதற்கே மார்க் என்பதால் கைகள் உயர்ந்துகொண்டே இருக்கும் காட்சிகளில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால், அவருக்கும் அந்த வகுப்புக்கும் நடுவில் எப்போதும் ஒரு நிருபரின் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. முழுசாக நனைய மாட்டேன் என்கிறார். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைக்க, தான் மட்டும் 2006-ல் வேலையில்லாமல் பட்டம் வாங்கி நின்றதைச் சொல்லும் இடத்தில்தான் நோட்டுப் புத்தகத்தைக் கீழே வைக்கிறார். அந்தப் பக்கங்கள் நிஜம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தபோது ஒன்று உறைத்தது. இரண்டு இடத்திலும் சொல்லித்தரும் முறைக்குப் பெயர் ஒன்றே: ‘கேஸ் மெத்தட்’. சட்டக் கல்லூரியில் இதை ஆரம்பித்தவர் 1870-ல் டீனாக வந்த லாங்டெல். 1908-ல் துவங்கிய பிசினஸ் ஸ்கூலுக்கு 1919-ல் டீனாக வந்த டோனம், அதே ஹார்வர்டில் சட்டம் படித்தவர். அதை அங்கே வேரூன்ற வைத்தவர். ஆனால், ஆற்றைத் தாண்டும்போது ‘கேஸ்’ என்ற வார்த்தைக்கு அர்த்தம் மாறிவிட்டது (நடுவே நிஜமாகவே சார்லஸ் ஆறு ஓடுகிறது). சட்டத்தில் கேஸ் என்பது முடிந்துபோன வழக்கு. தீர்ப்பு தெரியும், ஏன் என்று தோண்ட வேண்டும். பிசினஸில் கேஸ் என்பது பாதியில் நிற்கும் கதை. ஒரு மேனேஜர், கடைசியில் நாலு அட்டவணை, ‘நீயாக இருந்தால் இப்போது என்ன செய்வாய்?’

ஓர் உதாரணம். அமெரிக்காவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாலும் 1854-ம் வருஷத்து ‘ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல்’ என்ற இங்கிலாந்து வழக்கிடமிருந்து தப்ப முடியாது. க்ளஸ்டர் ஊரில் ஒரு மாவு மில். நீராவி இன்ஜினின் தண்டு உடைந்துவிட்டது. அதை மாதிரிக்கு வைத்துப் புதுசு செய்ய க்ரீனிச்சுக்கு அனுப்ப வேண்டும். எடுத்துப்போன பார்சல் கம்பெனி தாமதம் செய்தது. மில் அத்தனை நாளும் சும்மா நின்றது. நின்ற நாட்களின் லாபத்தைக் கொடு என்று மில்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கிடையாது என்றது கோர்ட். தண்டு வராவிட்டால் மில்லே நின்றுபோகும் என்று பார்சல்காரன் எப்படி ஊகிப்பான்?

சட்ட வகுப்பு இந்த ‘எப்படி ஊகிப்பான்’ என்பதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உலுக்கும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால்? கட்டணம் அதிகம் வாங்கியிருந்தால்? இதே கதையை பிசினஸ் வகுப்பில் வைத்தால் முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும்: “இன்னொரு தண்டு ஏன் சார் கைவசம் வெச்சுக்கலை?” (வேடிக்கை என்னவென்றால், மில்காரரிடம் மாற்றுத் தண்டு இருந்திருக்கலாமே என்று நீதிபதியே தீர்ப்பில் தொட்டுவிட்டுப் போகிறார்.)

இந்த இரண்டு கேள்வியையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொள்வதுதான் அந்த இரட்டைப் பட்டம். ஒரு வருஷம் முழுக்க ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓட்டை தேடப் பழகிவிட்டு, மறு வருஷம் அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு ‘முடிவைச் சொல்’ என்றால் என்ன ஆகும்? டுரோ ஆற்றுக்கு இந்தக் கரை, ப்ராட்டன் அந்தக் கரை. பாலத்தில் நடப்பவனைப் பற்றி இரண்டிலும் பேச்சில்லை. என் பெரிய குறை அதுதான். அவளுக்குத் தேவைப்படுவது அந்தப் புத்தகம்.

பாலத்தில் நடந்தவர்களில் பிரபலமானவர் மிட் ராம்னி, 2012-ல் ஒபாமாவிடம் தோற்றவர். ஹார்வர்டில் 1975-ல் இரண்டையும் சேர்த்து முடித்தார். எம்.பி.ஏ.வில் முதல் 5 சதவிகிதத்துக்குள். வக்கீல் தொழில் பக்கம் போகவே இல்லை. நேரே கன்சல்டிங், பிறகு கம்பெனிகளை வாங்கி விற்கும் பெய்ன் கேப்பிடல். சட்டம் வீணா? எனக்குத் தோன்றவில்லை. கம்பெனி வாங்குவதில் பாதி, ஒப்பந்தத்தில் இருக்கும் பொடி எழுத்துதானே!

ஆனால், அந்தக் காலத்துக் கணக்கு வேறு. இன்று ஹார்வர்டில் இரண்டு பள்ளியிலும் ஃபீஸ் மட்டும் வருஷத்துக்கு 75 ஆயிரம் டாலருக்கு மேல். சாப்பாடு, வாடகை சேர்த்தால் 1 லட்சத்தைத் தாண்டுகிறது. மற்ற பெரிய பள்ளிகளும் ஒன்றும் தர்மசத்திரம் இல்லை. சம்பளம் இல்லாத வருஷங்களை இதில் யாரும் கூட்டுவதில்லை. ப்ராட்டன் மனைவி, குழந்தையோடு அதைக் கூட்டிப் பார்க்கிறார். அதற்காகவே அவரையும் படிக்கச் சொன்னேன்.

நேற்று மறுபடி பேசினாள். டுரோவை இரண்டே நாளில் முடித்துவிட்டாளாம், தூக்கம் வரவில்லையாம். ப்ராட்டன் பாதியில் நிற்கிறார். மாவு மில் கதையைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அந்த பார்சல் கம்பெனி இன்ஷூரன்ஸ் எடுத்திருந்துதா, சின்னத் தாத்தா?” என்றாள்.

அட்வான்ஸ் கட்ட அவளுக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது.