சிபாரிசின் நயம்

மிகுபுனைவு, அதாவது மந்திரமும் மாற்றுலகமும் இயல்பாக நடமாடும் கதைவகை, அதனுடன் திகில், அறிவியல் புனைகதை ஆகியவற்றைப் பிறருக்குச் சிபாரிசு செய்பவரின் திறமை, அவர் பேச்சை எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதில் தெரிந்துவிடும். ஷர்லி ஜாக்சன் 1959இல் வெளியிட்ட ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நாவலை அலமாரியிலிருந்து உருவும் தேர்ந்த புத்தகக் கடைக்காரர், பேயைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்த வீட்டின் மூலைகள் எல்லாம் இம்மியளவு கோணலாகக் கட்டப்பட்டவை, திறந்து வைத்த கதவுகள் தாமே சாத்திக்கொள்கின்றன என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, முதல் பக்கத்தை விரித்து நீட்டிவிடுகிறார்.

கேட்பவர் எவ்வளவு அச்சத்தைத் தாங்குவார் என்பதை, அவர் முன்பு ரசித்த நூல்களைப் பேச்சுவாக்கில் விசாரித்தே கணிக்க வேண்டியிருப்பதால், சிபாரிசு செய்ய நிறையப் பொறுமை தேவைப்படுகிறது. ரோபோ என்றதும் ஒதுங்கும் வாசகருக்கு, ஜீனோ என்னும் இயந்திர நாய் குறும்பாகப் பேசும் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைத் தேடிக் கடைக்காரரின் கை பழகிய அடுக்குக்குப் போகிறது. பத்துத் தலைப்புகளை ஒரே மூச்சில் ஒப்பிப்பவர் சரக்குப் பட்டியல் வாசிக்கிறார், அவ்வளவே. நல்ல சிபாரிசுக்காரரோ ஒன்றை மட்டும் தந்து, பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிடலாம் என்று அனுமதியும் கொடுத்து அனுப்புகிறார்.